செரமைடைச் சுமக்கும் செர்ட் புரதம்: வளைவு ஏறினால் மட்டும் போதாது

செல்லுக்குள் செரமைடு என்ற லிப்பிட் (கொழுப்புப் பொருள்) எண்டோபிளாச வலையில் உருவாகிறது. அதை ஸ்பிங்கோமைலின் என்ற சவ்வு லிப்பிடாக மாற்றும் நொதியோ கோல்கை உறுப்பில் இருக்கிறது. நடுவில் இருப்பது சைட்டோசால், அதாவது பெரும்பாலும் தண்ணீர். செரமைடு தண்ணீரில் கரையாது. வெசிக்கிள் (சவ்வாலான சிறு பை) எதுவும் கிளம்பாமலேயே இந்த இடைவெளியைக் கடக்க வைக்கும் மனிதப் புரதம்தான் செர்ட். ஜப்பானின் தேசியத் தொற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் கென்டாரோ ஹனாடாவின் குழு 2003இல் இதை அடையாளம் கண்டது. லைசெனின் என்ற மண்புழு நச்சு ஸ்பிங்கோமைலின் மேல் ஒட்டிச் செல்லைத் துளைக்கும். அந்த நச்சுக்குத் தப்பிய சீன வெள்ளெலிச் செல்களில் ஒரு வகைதான் எல்ஒய்-ஏ. இந்தச் செல்களில் ஸ்பிங்கோமைலின் உற்பத்தி சரிந்திருந்தது, செரமைடிலிருந்தே உருவாகும் இன்னொரு லிப்பிடான குளுக்கோசில்செரமைடு மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. குறையைச் சரிசெய்யும் மரபணுவைத் தேடிப் போனபோது கிடைத்தது செர்ட்.

முழுப் புரதத்தில் 598 அமினோ அமிலங்கள், எடை சுமார் 68 கிலோடால்டன். முன்முனையில் உள்ள பிஎச் பகுதி கோல்கையின் பிஐ4பி லிப்பிடைப் பிடிக்கும். நடுவில் எஃப்எஃப்ஏடி என்ற சிறு துண்டு எண்டோபிளாச வலையிலுள்ள விஏபி புரதத்தைப் பிடிக்கும். பின்முனையில் ஸ்டார்ட் பகுதி. ஒரே ஒரு செரமைடு மூலக்கூறு புகும் குழி அதில்தான் இருக்கிறது. எல்ஒய்-ஏ செல்களில் கெட்டிருந்தது 67ஆவது கிளைசின். அது குளூட்டமிக் அமிலமாக மாறி பிஐ4பி-யைப் பிடிக்கும் திறன் போயிருந்தது. குழி நன்றாக இருந்தும் போக வேண்டிய முகவரி தொலைந்த புரதம் அது.

இந்தப் புரதம் லிப்பிடை நகர்த்துவதைச் சோதனைக் குழாயில் அளப்பது காகிதத்தில் எளிது. ஒளிரும் செரமைடும் அந்த ஒளியை அமுக்கும் நிறமியும் உள்ள லைப்போசோம் (செயற்கைச் சவ்வுக் குமிழி) ஒன்று, இரண்டும் இல்லாத லைப்போசோம் ஒன்று, நடுவில் புரதம். ஒளி ஏறினால் நகர்ந்தது என்று கணக்கு. நடைமுறையில் ஒளியை ஏற்றக்கூடிய காரணங்கள் ஐந்தாறு இருக்கின்றன, அவற்றில் பரிமாற்றம் ஒன்றுதான். கீழே சொல்வதில் பெரும்பகுதி மற்றவற்றை விலக்குவது பற்றியது.

புரதம்

முதலில் ஸ்டார்ட் பகுதியை மட்டும் செய்து பாருங்கள். சுமார் 26 கிலோடால்டன், நன்றாகக் கரையும், இ.கோலை பாக்டீரியாவில் தாராளமாகக் கிடைக்கும். அதன் பிஎல்21 டிஇ3 வகையை 37 டிகிரியில் ஒளியடர்வு 0.6 வரும்வரை வளர்த்து, 18 டிகிரிக்குக் குளிரவைத்து, புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜி 0.2 மில்லிமோலார் போட்டு இரவு முழுதும் விட்டால் போதும். குளிரவைக்காமல் ஐபிடிஜி போட்டால் பெரும்பகுதி கரையாத கட்டியாகப் போகும். உடைக்கும் கரைசலில் 50 மில்லிமோலார் டிரிஸ் பிஎச் 8, 500 மில்லிமோலார் உப்பு, 10 சதவீதம் கிளிசரால், 20 மில்லிமோலார் இமிடசோல், புரதம் ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்க 1 மில்லிமோலார் டிசிஇபி. அதற்குப் பதில் டிடிடி வேண்டாம், பிசினிலுள்ள நிக்கல் பழுப்பாகிவிடும். 40,000 ஜி வேகத்தில் 45 நிமிடம் சுழற்றி, நிக்கல் பிசினில் பிடித்து, 250 மில்லிமோலார் இமிடசோலில் இறக்கி, நிக்கலில் ஒட்டுவதற்காகப் புரதத்தில் சேர்த்த ஹிஸ் வாலை டெவ் நொதியால் வெட்டி, ஜெல் வடிகட்டல் நிரலில் முடியுங்கள்.

வாலை வெட்டும் வேலையைத் தவிர்க்கத் தோன்றும். பிறகு விஏபி-யை நிக்கல் தாங்கிய லிப்பிடால் சவ்வில் கட்டும் கட்டம் வரும்போது, வெட்டாத செர்ட்டும் அதே நிக்கலில் போய் ஒட்டிக்கொள்ளும். எஃப்எஃப்ஏடி இல்லாத புரதமும் சவ்வில் அருமையாகச் சேர்வதுபோல் தெரியும்.

முழு நீளப் புரதம் இவ்வளவு சுமுகமாக வராது. ஜெல் நிரலில் ஒரு பங்கு வெற்றுக் கனஅளவில் கட்டியாக வெளியேறும். அந்தப் பகுதியைச் சேர்த்து எடுத்தால் விளைச்சல் கண்ணுக்கு நன்றாக இருக்கும், ஆனால் அதுவே லைப்போசோம்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் போலிச் சமிக்ஞை தரும். நடு உச்சியின் மையத்தை மட்டும் எடுங்கள். 260க்கும் 280 நானோமீட்டருக்கும் உள்ள விகிதம் 0.6ஐச் சுற்றி இருக்க வேண்டும். கூடினால் நியூக்ளிக் அமிலம் ஒட்டியிருக்கிறது, உப்பைக் கூட்டிக் கழுவ வேண்டும். 20 அல்லது 50 மைக்ரோலிட்டராகப் பிரித்து திரவ நைட்ரஜனில் உறையவையுங்கள். உருகியதும் 100,000 ஜியில் 20 நிமிடம் சுழற்றி, மேல் திரவத்தின் செறிவை மறுபடி அளந்த பிறகே பயன்படுத்துங்கள். உறைவதற்கு முன் எழுதிய எண்ணை நம்பிக் கணக்குப் போட்டால் வேக அளவு முழுதும் பிசகும்.

லிப்பிட்

பெரும்பாலான தொல்லை புரதத்தில் இல்லை, இங்கே இருக்கிறது. குளோரோஃபாரம் படும் இடமெல்லாம் கண்ணாடி, டெஃப்லான் மூடி, ஹாமில்டன் ஊசி. பிளாஸ்டிக் பிப்பெட் முனையில் எடுத்தால் அளவும் தவறும், பிளாஸ்டிக்கிலிருந்து கரைந்து வருவதும் லைப்போசோமில் சேரும். உறைபெட்டியிலிருந்து எடுத்த புட்டி அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீர்கள். குளிர்ந்த குளோரோஃபாரம் காற்றின் ஈரத்தை இழுக்கும். புட்டி பலமுறை திறக்கப்பட்டிருந்தால் குளோரோஃபாரம் ஆவியாகிச் செறிவு ஏறியிருக்கும், லேபிளில் உள்ள எண் அப்போது பொய்.

செரமைடைக் கொடுக்கும் லைப்போசோமுக்கு 1 மைக்ரோமோல் லிப்பிட் எடுப்போம். சவ்வின் அடிப்படை லிப்பிடான பிஓபிசி 960 நானோமோல், அதாவது 25 மில்லிகிராம்/மில்லிலிட்டர் கரைசலில் சுமார் 29 மைக்ரோலிட்டர். ரோடமின் நிறமி பூட்டிய பிஇ லிப்பிட் 20 நானோமோல், 1 மில்லிகிராம்/மில்லிலிட்டர் கரைசலில் 26 மைக்ரோலிட்டர். 12 கார்பன் சங்கிலியில் என்பிடி என்ற ஒளிரும் நிறமி பூட்டிய செரமைடு 20 நானோமோல், அதே செறிவில் 13 மைக்ரோலிட்டர். வாங்கும் லைப்போசோமுக்கு பிஓபிசி மட்டும், 4 மைக்ரோமோல். இரண்டையும் தனித்தனி உருண்டைக் குடுவையில் நைட்ரஜன் ஓட்டத்தில் சுழற்றி உலர்த்தி, மெல்லிய படலமாக்கி, குறைந்தது இரண்டு மணி நேரம் வெற்றிடத்தில் வையுங்கள். படலத்தில் தங்கிய குளோரோஃபாரம் சவ்வைக் குலைக்கும், அருகில் வரும் புரதத்தையும் விரிக்கும்.

ஒவ்வொன்றிலும் 1 மில்லிலிட்டர் கரைசல் ஊற்றுங்கள்: 20 மில்லிமோலார் ஹெப்பெஸ் பிஎச் 7.4, 100 மில்லிமோலார் உப்பு. பாஸ்பேட் கரைசல் இங்கே கூடாது, காரணம் பிறகு வரும். திரவ நைட்ரஜனிலும் வெந்நீரிலும் மாற்றி மாற்றிக் குறைந்தது ஐந்து தடவை உறைய வைத்து உருக்கினால் பல அடுக்குகள் குறையும். பிறகு 100 நானோமீட்டர் துளையுள்ள பாலிகார்பனேட் தாள் வழியாக எக்ஸ்ட்ரூடரில் 21 தடவை தள்ளுங்கள். தடவைகள் ஒற்றைப்படையாக இருந்தால்தான் கடைசியில் எடுப்பது, வடிக்காத கலவை முதலில் இருந்த ஊசியாக இல்லாமல் எதிர்ப்பக்க ஊசியாக இருக்கும். தள்ளும்போது திடீரென்று கை லேசானால் தாள் கிழிந்துவிட்டது. நிறுத்திவிட்டுப் புதுத் தாளோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இயற்கையான 16 கார்பன் செரமைடு சேர்ப்பதாக இருந்தால் சங்கதி கொஞ்சம் கடினம். அதன் உருகுநிலை மிக உயரம், சவ்வுக்குள் தன் கூட்டத்தோடு சேர்ந்து கெட்டியான திட்டுகளாகும். அளவை 2 அல்லது 3 மோல் சதவீதத்துக்குள் நிறுத்துங்கள், குளோரோஃபாரமும் மெத்தனாலும் 2:1 கலந்து கரையுங்கள், தண்ணீர் சேர்ப்பதையும் தள்ளுவதையும் 60 டிகிரியில் செய்யுங்கள். சூடாக்காமல் செய்தால் செரமைடின் ஒரு பங்கு குடுவைச் சுவரிலோ எக்ஸ்ட்ரூடர் தாளிலோ தங்கிவிடும். அப்புறம் புரதம் வேலை செய்யவில்லை என்று பழி வரும், சவ்வில் சரக்கே இருக்காது.

தள்ளி முடித்ததும் ஒளிச்சிதறல் கருவியில் அளவைப் பாருங்கள். 120 நானோமீட்டரை ஒட்டி ஒரே உச்சி, பரவல் எண் 0.1ஐச் சுற்றி இருந்தால் நல்லது. பிறகு லிப்பிடின் உண்மையான செறிவு. எக்ஸ்ட்ரூடரின் இடுக்குகளில் எப்போதும் கொஞ்சம் தங்கும். கொடுக்கும் லைப்போசோமில் ரோடமின் நிறத்தை வைத்தே எவ்வளவு மீண்டது என்று கணக்கிடலாம். வாங்கும் லைப்போசோமுக்குப் பாஸ்பேட் சோதனை செய்ய வேண்டும்: அமிலத்தில் 180 டிகிரிக்கு மேல் எரித்து, மாலிப்டேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்து, 820 நானோமீட்டரில் நீலத்தை அளப்பது. பாஸ்பேட் கரைசலில் லைப்போசோம் செய்திருந்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. சோப்பு போட்டுக் கழுவிய கண்ணாடிக் குழாயிலும் பாஸ்பேட் தங்கியிருக்கலாம். வெறுங்குழாயே நீலமாகத் தெரிந்தால் அங்கே பாருங்கள்.

லைப்போசோம்களை 4 டிகிரியில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். தள்ளியபின் உறையவைத்தால் அளவு கலைந்துவிடும்.

எந்த ஒளிரும் செரமைடு

6 கார்பன் சங்கிலியுள்ள என்பிடி செரமைடு விலை மலிவு, எளிதில் கிடைக்கும், இந்த வேலைக்கு ஆகாது. சங்கிலி குட்டையாக இருப்பதால் அது புரதமே இல்லாமல் சில நிமிடங்களில் தண்ணீர் வழியாகத் தானே தாவிவிடும். பின்னணி ஏற்றத்தின் மேல் புரதத்தின் பங்கைத் தேட வேண்டியிருக்கும். 12 கார்பன் வகை மேலானது. நிறமிகளுக்கு இன்னொரு குறையும் உண்டு: செர்ட்டின் குழி 14 முதல் 20 கார்பன் வரையுள்ள சங்கிலிகளை நன்றாக ஏற்கும், 22, 24 என்று நீண்டால் தடுமாறும். சங்கிலி நுனியில் பருத்த நிறமி தொங்கும்போது குழி அதை இயற்கைச் செரமைடுபோல் நடத்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு ஒரு மலிவான சோதனை: கொடுக்கும் லைப்போசோமில் நிறமில்லாத 16 கார்பன் செரமைடைக் கூடுதலாகச் சேருங்கள். என்பிடி ஏற்றம் மந்தமாக வேண்டும். மந்தமாகவில்லை என்றால் நீங்கள் பார்ப்பது குழி வழியான பயணம் அல்ல.

க்யூவெட்டில்

2 மில்லிலிட்டர் க்யூவெட், 37 டிகிரி, காந்தக் கலக்கி. கொடுக்கும் லைப்போசோம் 30 மைக்ரோமோலார், வாங்குவது 300 மைக்ரோமோலார், அதாவது மேலே செய்ததில் 60 மைக்ரோலிட்டரும் 150 மைக்ரோலிட்டரும். 465 நானோமீட்டரில் தூண்டி 535இல் படியுங்கள். ரோடமின் அதே சவ்வில் இருக்கும்வரை என்பிடியின் ஒளி அமுங்கியிருக்கும், வெளியேறியதும் எழும். பளிச்சென்ற விளக்கைத் தொடர்ந்து போட்டால் என்பிடி வெளுத்து வளைவு கீழே சாயும். பிளவைக் குறுக்கி, படிக்கும் நொடிக்கு மட்டும் திரையைத் திறவுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கோடு மட்டமாக ஓடிய பிறகே புரதத்தை ஊசியால் விடுங்கள்.

எவ்வளவு புரதம்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இந்தக் க்யூவெட்டில் மொத்தம் 0.6 மைக்ரோமோலார் செரமைடுதான் இருக்கிறது. 0.2 மைக்ரோமோலார் புரதம் விட்டால், ஒவ்வொரு புரதமும் ஒரு செரமைடைக் குழியில் ஏற்றிக்கொண்டதுமே மூன்றில் ஒரு பங்கு ரோடமினைவிட்டு விலகிவிடும். ஒளி சடாரென்று ஏறும். அதைப் பரிமாற்றம் என்று எழுதுவது, பேருந்தில் ஏறியவர்களை எண்ணிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பதற்குச் சமம். புரதத்தை 50 நானோமோலாருக்குக் குறையுங்கள். அப்போது ஏற்றிக்கொள்வதன் பங்கு சுமார் 8 சதவீதத்தோடு நிற்கும். வாங்கும் லைப்போசோமே இல்லாமல் அதே அளவு புரதம் விட்ட வளைவையும் ஒவ்வொரு நாளும் எடுத்து வையுங்கள். அந்த வளைவின் உயரம் இன்னொன்றையும் சொல்லும்: உங்கள் புரதத்தில் எத்தனை பங்கு உயிரோடு இருக்கிறது என்று.

உச்ச அளவுக்குச் சவ்வைக் கரைக்கும் டிரைட்டான் ஊற்றுவது பழைய வழக்கம். டிரைட்டானில் என்பிடியின் ஒளிர்திறனே மாறிவிடும், சவ்வில் இருக்கும்போது உள்ள அளவு அல்ல அது. சமநிலையைக் காட்டும் லைப்போசோம்களைத் தனியாகச் செய்வது நேர்மையான வழி. 0.6 மைக்ரோமோலார் செரமைடு 330 மைக்ரோமோலார் லிப்பிட் முழுவதும் பரவினால் 0.18 மோல் சதவீதம் வரும். 0.18 சதவீத என்பிடி செரமைடோடு ரோடமின் உள்ள ஒன்றும் இல்லாத ஒன்றும் செய்து, அதே 30, 300 அளவில் கலந்தால் கிடைப்பதுதான் நூறு சதவீதம். செரமைடுக்குப் பெரிய தலை இல்லாததால் சவ்வின் உள்ளடுக்கிலிருந்து வெளியடுக்குக்கு எளிதில் புரளும், ஆகவே முழுச் சரக்கையும் கணக்கில் சேர்க்கலாம். பாஸ்போலிப்பிடை அளக்கும்போது இந்தச் சலுகை கிடையாது, வெளியடுக்கை மட்டும் எண்ண வேண்டும்.

கணக்கு இப்படிப் போகும். சமநிலையில் 11இல் 10 பங்கு வாங்கும் பக்கம் சேரும், அது 0.545 மைக்ரோமோலார். வளைவின் தொடக்கச் சாய்வு நிமிடத்துக்கு 3 சதவீதம், புரதமில்லாத வளைவு 0.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 2.5 சதவீதம், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 13.6 நானோமோலார். 50ஆல் வகுத்தால் ஒரு புரதம் நிமிடத்துக்கு 0.27 செரமைடு. உயிருள்ள பங்கு பாதிதான் என்றால் எண் இரட்டிக்கும். சாய்வை முதல் 10 சதவீதத்துக்குள் எடுங்கள்; அதற்குமேல் திரும்பி வரும் செரமைடும் கணக்கில் புகுந்துவிடும்.

ஒட்டியதா, கலந்ததா, நகர்ந்ததா

இரண்டு லைப்போசோம்கள் ஒன்றாகக் கலந்தாலும் ரோடமின் நீர்த்துப்போகும், என்பிடி எழும். வளைவின் வடிவம் பரிமாற்றத்தைப் போலவே இருக்கும். இதைப் பிரிக்க, என்பிடி பிஇயும் ரோடமின் பிஇயும் ஆளுக்கு 1.5 சதவீதம் உள்ள லைப்போசோம் செய்து, செரமைடு நிறமி இல்லாமல், அதே புரதத்தை அதே அளவில் விடுங்கள். செர்ட் பிஇயைச் சுமக்காது. ஆக இங்கே கோடு மட்டமாக இருந்தே தீர வேண்டும். ஏறினால் சவ்வுகள் கலக்கின்றன, அன்றைய எல்லா வளைவுகளும் குப்பை. கூடவே வினை முடிந்த க்யூவெட்டிலிருந்து துளி எடுத்து ஒளிச்சிதறலில் பாருங்கள். 120இல் இருந்த உச்சி 500க்குப் போயிருந்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கொதிக்க வைத்த புரதத்தைக் கட்டுப்பாடாகப் பலர் போடுகிறார்கள். வேண்டாம். வெந்த புரதம் திரிந்து, சவ்வில் ஒட்டி, அதுவே தனிக் குழப்பம் செய்யும். மடிப்பு கெடாமல் வேலை மட்டும் கெட்ட திரிபு வேண்டும். 2008இல் வெளியான ஸ்டார்ட் பகுதியின் படிக அமைப்பு இதற்கு வழி காட்டுகிறது: குழியின் ஆழத்தில் 446ஆம் குளூட்டமிக் அமிலம், 467ஆம் குளூட்டமைன், 504ஆம் அஸ்பராஜின் மூன்றும் செரமைடின் தலையை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடிக்கின்றன. 446ஐயோ 504ஐயோ அலனினாக்கினால் போதும். 473, 562 இடங்களில் உள்ள டிரிப்டோஃபான்கள் வெளிப்புறம் நீட்டிக்கொண்டு சவ்வில் இறங்க உதவுபவை. அவற்றை மாற்றிய திரிபு குழியைக் கெடுக்காமல் சவ்வைத் தொடுவதை மட்டும் குறைக்கும். செரமைடைப் போன்ற வடிவமுள்ள எச்பிஏ-12 தடுப்பானையும் பயன்படுத்தலாம். அதற்கு இணையாகக் கரைப்பான் மட்டும் விட்ட குழாய் ஒன்று இருக்கட்டும்.

நிறமியே இல்லாமல் ஒருமுறையாவது உறுதிசெய்துகொள்வது நல்லது. கொடுக்கும் லைப்போசோமின் உள்ளே 210 மில்லிமோலார் சர்க்கரை அடைத்து, 400 நானோமீட்டர் தாளில் தள்ளி, வெளியே அதே ஊடழுத்தமுள்ள உப்புக் கரைசல் வைத்தால் அது கனக்கும். 20,000 ஜியில் சுழற்றினால் அடியில் இறங்கும். வாங்கும் லைப்போசோம் மேலே நிற்கும். மேல் திரவத்தில் 17 கார்பன் செரமைடை ஒப்பளவாகச் சேர்த்து லிப்பிடைப் பிரித்து, நிறை நிறமாலையில் 16 கார்பன் செரமைடை 538.5இலிருந்து 264.3 என்ற மாற்றத்தில் எண்ணலாம். கொடுக்கும் பக்கம் சிறிது ரோடமின் பிஇ போட்டுவைத்தால், மேல் திரவத்தில் தெரியும் இளஞ்சிவப்பே எவ்வளவு அடியில் இறங்காமல் தப்பியது என்று காட்டிக்கொடுக்கும்.

பாலம் கட்டுவது

முழு நீளப் புரதத்துக்கு உண்மையான சூழல் வேண்டுமானால், கொடுக்கும் பக்கம் விஏபி, வாங்கும் பக்கம் பிஐ4பி. விஏபி-யின் சவ்வுத்துண்டை நீக்கி, ஹிஸ் வாலோடு செய்து, நிக்கல் தாங்கிய டிஜிஎஸ் லிப்பிட் 2 சதவீதம் உள்ள சவ்வில் கட்டுங்கள். இமிடசோல் துளி மிச்சமிருந்தாலும் கட்டு தளரும், உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ இருந்தால் நிக்கலே போய்விடும். பிஐ4பி 2 முதல் 5 சதவீதம். குளோரோஃபாரம், மெத்தனால், தண்ணீர் 20:9:1 கலவையில்தான் சரியாகக் கரையும். வெறும் குளோரோஃபாரத்தில் மேகமாக நிற்கும், எடுத்த அளவு எவ்வளவென்று சொல்ல முடியாது. லைப்போசோமுக்குள் அது வந்து சேர்ந்ததா என்பதை, பிஐ4பி-யைப் பிடிக்கும் வேறொரு பிஎச் பகுதியைக் கொண்டு லைப்போசோமோடு சுழற்றிப் பார்ப்பது நம்பகமானது.

பாலம் வேலை செய்தால் லைப்போசோம்கள் ஒட்டத்தான் செய்யும். ஒளிச்சிதறல் உச்சி நகர்வது இங்கே பிழை அல்ல, எதிர்பார்ப்பது. ஆகவே அந்த ஒட்டல் மீளக்கூடியதா என்று பார்க்க வேண்டும்: கடைசியில் 250 மில்லிமோலார் இமிடசோல் விட்டால் அளவு 120க்குத் திரும்ப வேண்டும், என்பிடியின் ஒளி மட்டும் ஏறிய இடத்திலேயே நிற்க வேண்டும். அளவு திரும்பாமல் நின்றால் சவ்வுகள் கலந்திருக்கின்றன. பிஐ4பி-யின் பங்கைக் காட்ட 67ஆம் கிளைசினை மாற்றிய திரிபைவிடச் சுத்தமான கட்டுப்பாடு இல்லை.

சவ்வின் மற்ற கலவையும் விளையாடும். கொடுக்கும் பக்கம் ஸ்பிங்கோமைலின் சேர்த்தால் செரமைடு அதோடு நெருங்கிக்கொண்டு வெளியே வர மறுக்கும், பரிமாற்றம் மந்தமாகும். இரண்டு ஆய்வகங்களின் வேக எண்களை ஒப்பிடுவதற்கு முன் லிப்பிட் கலவையைப் பாருங்கள்.

செல்லில்

செல்லில் பார்ப்பவர்கள் பாடிபி என்ற ஒளிரும் நிறமி பூட்டிய 5 கார்பன் செரமைடைக் கொழுப்பமிலம் நீக்கிய அல்புமினோடு கட்டி, 4 டிகிரியில் 30 நிமிடம் ஏற்றி, கழுவி, 37 டிகிரிக்கு மாற்றிக் கோல்கை ஒளிர்வதைப் பார்க்கிறார்கள். 30 நிமிடம் கழித்துப் படம் எடுத்தால் செர்ட் கெட்ட செல்லிலும் கோல்கை ஒளிர்ந்திருக்கலாம். எல்ஒய்-ஏ செல்களில் பயணம் மெதுவாகிறது, அடியோடு நிற்பதில்லை. ஆரம்ப நிமிடங்களை அடுத்தடுத்து எடுத்தால்தான் வேறுபாடு தெரியும்.

ஸ்பிங்கோமைலின் உற்பத்தியைக் கதிரியக்கச் செரினோடு அளந்து மெல்லடுக்குத் தகட்டில் பிரிப்பது இன்னும் நம்பகமானது. மெத்தில் அசிடேட், புரோப்பனால், குளோரோஃபாரம், மெத்தனால், 0.25 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு 25:25:25:10:9 கலவை நன்றாகப் பிரிக்கும். சாதாரண சீரத்தில் வளர்க்கும்போது செல்கள் சீரத்திலிருந்தே ஸ்பிங்கோமைலினை வாங்கிக்கொள்ளும், குறை மறைந்துவிடும். ஹனாடா குழு 0.1 சதவீதச் சீரமும் ஒலியேட்டும் கொண்ட நியூட்ரிடோமா ஊடகத்துக்கு மாறியது இதற்காகத்தான்.

இ.கோலைப் புரதம் சொல்லாதது

செர்ட்டை உருவாக்கும் மரபணுவில் 132ஆம் செரின் லியூசினாகும் மாற்றமும், அதன் அக்கம்பக்கத்து மாற்றங்களும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கின்றன. 2023இல் வெளியான ஆய்வு, இவற்றில் புரதம் கட்டுப்பாடு இழந்து அளவுக்கு மீறி வேலை செய்வதைக் காட்டியது. இந்தத் திரிபுகளை இ.கோலையில் செய்து மேற்சொன்ன க்யூவெட்டில் ஓட்டினால், சாதாரணப் புரதத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். காரணம் எளிது. மனித செல்லில் பிகேடி நொதி 132ஆம் செரினில் பாஸ்பேட் வைக்கும், அதைத் தொடர்ந்து சிகே1 காமா 2 அடுத்தடுத்த செரின்களில் வரிசையாக வைக்கும், புரதம் பூட்டிக்கொள்ளும். பிஐ4பி-யைப் பிடிப்பதும் செரமைடை நகர்த்துவதும் குறையும். இ.கோலையில் இந்தப் பூட்டு போட ஆளில்லை. இயல்பான புரதமும் அங்கே பூட்டாமலேதான் வெளிவருகிறது. ஸ்டார்ட் பகுதியை மட்டும் வைத்துப் பார்ப்பவர்களுக்கோ 132ஆம் இடமே கையில் இல்லை.

இந்தக் கேள்விக்கு எச்இகே293 என்ற மனித செல் வகையில் செய்த முழு நீளப் புரதம்தான் வேண்டும். பாஸ்பேட் கழன்றுவிடாமல் இருக்க உடைக்கும் கரைசலில் 50 மில்லிமோலார் சோடியம் ஃப்ளூரைடும் 10 மில்லிமோலார் பீட்டா கிளிசரோபாஸ்பேட்டும் இருக்கட்டும். செர்ட்டின் பாஸ்பேட்டைக் கழற்றும் பிபி2சி எப்சிலான் நொதிக்கு மக்னீசியமோ மாங்கனீசோ வேண்டும், இத்தகைய நொதிகளைத் தடுக்கப் போடும் ஒக்கடாயிக் அமிலத்துக்கு அது அசையாது. அதை நிறுத்த இடிடிஏ போட வேண்டும். இடிடிஏ போட்டால் நிக்கல் பிசின் உதவாது. எனவே முதலிலேயே நிக்கல் தேவைப்படாத ஃபிளாக் வாலோடு வடிவமைத்து, ஃபிளாக் பெப்டைடால் இறக்குங்கள்.

தயாரித்ததைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வடித்து இடிடிஏ நீக்கி, 1 மில்லிமோலார் மாங்கனீசு சேர்த்து, பாஸ்பேட்டைக் கழற்றும் லாம்டா பாஸ்படேஸ் நொதியோடு 30 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். 7.5 சதவீத ஜெல்லில் இரண்டையும் அருகருகே ஓட்டினால், பாஸ்பேட் நிறைந்த புரதம் சற்று மேலே நிற்பது கண்ணுக்கே தெரியும். இந்த இடைவெளி தெரியாத தயாரிப்பை க்யூவெட்டுக்குக் கொண்டு போவதில் பயனில்லை. வினையில் விடும் முன் பாஸ்படேஸையும் மாங்கனீசையும் நீக்கிவிட வேண்டும்.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. எஃப்எஃப்ஏடிக்குப் பக்கத்தில் உள்ள 315ஆம் செரினில் பாஸ்பேட் ஏறினால் விஏபி-யைப் பிடிக்கும் வலு கூடும், அதாவது 132இன் பூட்டுக்கு எதிர்த்திசை. லாம்டா பாஸ்படேஸ் இரண்டையும் ஒரே வீச்சில் துடைத்துவிடும். பாலம் கட்டிய சோதனையில் துடைத்த புரதமும் துடைக்காத புரதமும் ஒரே வேகம் காட்டினால், பாஸ்பேட்டுக்குப் பங்கில்லை என்று எழுதிவிடாதீர்கள். 132ஐ மட்டும் அலனினாக்கியது, 315ஐ மட்டும் அலனினாக்கியது, இரண்டையும் ஆக்கியது என மூன்றையும் விஏபி உள்ள கொடுக்கும் லைப்போசோமோடு ஒருமுறை, விஏபி இல்லாமல் ஒருமுறை ஓட்டிய பிறகுதான் எந்தப் பாஸ்பேட் எதைச் செய்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியும்.